நான் திருத்திய ஓதல்

அம்மா,

இன்று காலை மேடம் வீட்டில் புதினாத் தேநீர் மணத்தது. கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் மேடம் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை ஓதினார், நீ ஓதிய அதே மாதிரி. போச்சாத் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நீ வேலை பார்த்த சாணக்யபுரி வீடுதான். மொராக்கோக்காரர்கள். நீ நோயில் படுத்ததும் எட்டாவதோடு என் படிப்பை நிறுத்தி உன் இடத்துக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அரைகுறையாக ஓதிக்கொண்டிருந்த நீ, இந்த மேடத்திடம் கேட்டுக் கேட்டுத்தான் பாடமாக்கினாய்.

ஜங்புராவில் நம் சந்துப் பெண்கள் வெள்ளிக்கிழமை கூடி ஓதுவார்கள். தப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவர் உடனே திருத்த வேண்டும். அன்று உன் பக்கத்தில் நான். பேர் கேட்டாலே வாய் திறக்காதவள். அதே சூராவில் ‘மாலிகி’ வர வேண்டிய இடத்தில் நீ ‘மலிகி’ என்றாய்.

"நீட்டணும்மா. தப்பா ஓதுற."

"மேடம் அப்படித்தான் ஓதுறாங்க," என்றாய்.

ஓதிக்கொடுக்கும் ஆலிமா சிரித்தார். "மேடம் உன்னைப் பாத்திரம் கழுவக் கூப்பிட்டாங்களா, பாடம் படிக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

வீட்டுக்கு வரும்போது, "கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம் புள்ள," என்றாய். அவ்வளவுதான். அதன்பின் நீ சத்தமாக ஓதவே இல்லை.

இன்று தைரியம் வரவழைத்து மேடத்திடம் கேட்டேன். தன் குர்ஆனைக் கொண்டுவந்து காட்டினார். எழுத்துகளின் புள்ளிகள்கூட வேறு இடத்தில் இருந்தன. அவர்கள் ஊரில் ‘மலிகி’, அரசன். நம் ஊரில் ‘மாலிகி’, உரிமையாளன். இரண்டும் வழிவழியாக வந்த ஓதல்தானாம். "எந்த நாளைப் பற்றிய வசனம் என்று பார்," என்றார் தன் உடைந்த இந்தியில். தீர்ப்பு நாள். அன்று யாருக்கும் சொத்தும் இல்லை, அதிகாரமும் இல்லை. உரிமையாளனும் இறைவன்தான், அரசனும் அவன்தான். "தோனோ டீக்," இரண்டும் சரி என்றார்.

பிறகு சொன்னார்: "உன் அம்மாவும் ஒரு நாள் அழுதுகொண்டே வந்து இதைத்தான் கேட்டாள். அன்றே சொல்லிவிட்டேனே."

தெரிந்துகொண்டு வந்தும் நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் குன்றிப்போவேன் என்றா? என்னிடம் சொல்லிப் பயனில்லை என்றா?

ஆலிமாவிடம் போய்ச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். எனக்கு வாய் வந்தது உன்னைத் திருத்த மட்டும்தான்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஓதுகிறாய் என்று தெரிந்தது. அந்த இடத்தில் நீட்டினாயா, நீட்டாமல் விட்டாயா, தெரியவில்லை அம்மா. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.