ஆணியில் இல்லாத ரொட்டி

முக்லிசாவின் அப்பாவுக்கு,

ரஷ்யாவில் இன்னும் ஒரு வருடம் வேலை பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உட்கார்ந்து யோசிக்கலாம் என்றால் உட்கார இடமில்லை. மெத்தை முழுக்கத் துவைத்த துணி, அதன்மேல் நான் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள், அவற்றின்மேல் உங்கள் மகளின் பொம்மைகள்.

நேற்று உங்கள் அம்மா வந்தார். வந்ததும் சுவரைத்தான் பார்த்தார். நம் ஊர் வழக்கப்படி, திரும்பி வந்து மிச்சத்தைச் சாப்பிடுவதற்காக, புறப்படும்போது ஒரு வாய் கடித்து நீங்கள் மாட்டிவைத்த ரொட்டி ஆணியில் இல்லை.

“காலேஜ் படிச்ச மருமக! எம்புள்ள திரும்பி வர்ற ரொட்டியையே தொலைச்சுட்டியே!” என்றார். இருவரும் குவியலுக்குள் கைவிட்டுத் தேடினோம்.

பொம்மையின் போர்வைக்குள் ரொட்டி கிடைத்தது. நீங்கள் கடித்த இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னக் கடி.

“நாந்தான் கடிச்சேன். கல்லு மாதிரி இருந்துச்சு,” என்றாள் முக்லிசா. “கடிச்சுட்டுத்தானே ஊருக்குப் போகணும்? நான் போயி அப்பாவைக் கூட்டிட்டு வரேன்.”

“போடி வாயாடி, இருக்கிற பல்லும் விழுந்துரும்,” என்று உங்கள் அம்மா அவளை மடியில் இழுத்துக்கொண்டார். பிறகு வெகுநேரம் தலையை நிமிர்த்தவில்லை.

அதன்பின் வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால், ஒரு கவுனையும் பள்ளிக்கூட ஷூவையும் மூட்டை கட்டி வாசலில் வைத்திருக்கிறாள் முக்லிசா. என்னால் அதைத் தொட முடியவில்லை.

நீங்கள் வந்து பிரித்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா