மூன்று நிமிடம் ஓடும் கம்ப்யூட்டர்

பிரோட்,
10 பிப்ரவரி 2008, ஞாயிறு இரவு

அன்புள்ள மிலேனாவுக்கு,

மன்னித்துக்கொள், இரவு ஒரு மணிக்கு எழுதுகிறேன். பகலில் எழுத உட்கார்ந்தால் லென்கா மடியில் ஏறிவிடுகிறாள். அவள் முகத்தில் வெளிச்சம் படக்கூடாது என்று மேசை விளக்கைத் தரையில் இறக்கி வைத்திருக்கிறேன். எழுத்து கோணியிருந்தால் அதனால்தான். உறையின் மேல் உன் துறவுப் பெயரை, சகோதரி எவ்ப்ராக்சியா என்று, ஒழுங்காகவே எழுதிவிட்டேன். உள்ளே அந்தப் பெயர் கைக்கு வரமாட்டேன் என்கிறது. நாலு வருடமாக ஒரு வரி எழுதாதவள் உன்னை எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் தப்புதான். அதைப் பிறகு பேசலாம். இப்போது எனக்கு உன் உதவி வேண்டும்.

மடத்துக்குப் போகுமுன் நீ எங்களுக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் செத்துக்கொண்டிருக்கிறது. போட்டால் வருகிறது. திரை வரும், மணி காட்டும், எல்லாம் சரியாக இருக்கும். பிறகு ஒரு சத்தமும் இல்லாமல் அணைந்துவிடும். ஜனவரியில் இருபது நிமிடம் ஓடியது. பிறகு ஏழு நிமிடம் ஆனது. வெள்ளிக்கிழமை நான் மணி பார்த்து எண்ணியபோது மூன்று நிமிடம்.

அதற்குள் லென்காவின் வீடியோக்கள் இருக்கின்றன. மொத்தம் நாற்பத்தொன்று. வேறு எங்கும் இல்லை. எதையும் இரண்டு இடத்தில் வை என்று நீ ஹாஸ்டலில் எல்லோரிடமும் சொல்வாய். நான் வைக்கவில்லை. கேமராவில் இடம் போதாமல் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் கேமராவைக் காலி செய்துவிட்டேன்.

உனக்கு லென்காவைத் தெரியாது. வரும் ஏப்ரலில் நாலு வயது. போன வருடம் வசந்த காலத்தில் அவளுக்கு ஒரு மாதிரி வர ஆரம்பித்தது. விளையாடிக்கொண்டிருப்பவள் நின்றுவிடுவாள், கண் எங்கேயோ போகும், தலை ஒரு தடவை தொங்கும், உடனே நிமிர்ந்து விளையாட்டைத் தொடர்வாள். இங்கே உள்ள டாக்டர், பிடிவாதக் குழந்தை, செல்லம் அதிகம் என்றார். நான் படம் பிடிக்க ஆரம்பித்தேன். இலையுதிர் காலத்தில் அது குறைந்தது. ஆனால் கூடவே பேச்சும் குறைந்தது, மிலேனா. முழு வாக்கியமாகப் பேசிய குழந்தை ஒற்றை வார்த்தைக்கு வந்தாள். இப்போது கையைப் பிடித்து இழுத்துக் காட்டுகிறாள். காதில் கோளாறு இல்லை, அதைப் பார்த்துவிட்டார்கள்.

ஐந்து மாதம் காத்திருந்து பெல்கிரேடில் ஒரு டாக்டரம்மாவிடம் நாள் கிடைத்திருக்கிறது. வரும் வியாழக்கிழமை. போனில் அவர் கேட்டது ஒன்றுதான். வார்த்தை எந்த மாதத்திலிருந்து போக ஆரம்பித்தது, அதற்கு முன் எப்படிப் பேசினாள், ஏதாவது பதிவு வைத்திருக்கிறீர்களா என்று. இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். எந்த மாதம் என்று கேட்டதற்கு டிசம்பர் என்று சொல்லிவிட்டேன். அது பொய். எனக்கு மாதம் தெரியாது. நான் பள்ளிக்கூடம், திருத்த வேண்டிய பிரெஞ்சுத் தாள்கள் என்று ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு தாய் கவனிக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. உண்மையான மாதம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

லென்காவின் அப்பா விடோயேவுக்கு அந்த வெட்கம்கூட இல்லை. அவர் காலை மூன்று மணிக்குப் பால் வண்டியில் ஏறினால் மாலைதான் திரும்புவார். "எங்க வம்சமே அப்படித்தான். எங்கப்பா அஞ்சு வயசுலதான் வாயைத் தொறந்தாராம். அப்புறம் மூடவே இல்ல" என்று சிரிக்கிறார். இவள் பேசிக்கொண்டிருந்தவள் என்று நான் கத்தினால், "ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பா. மீதியை நீயா சேர்த்துக்கற, டுப்ராவ்கா" என்கிறார். சில நாள் எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. நானாகச் சேர்த்துக்கொள்கிறேனா?

போன வியாழக்கிழமை கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் போபனிடம் போனேன். டிவி, கைபேசி, கம்ப்யூட்டர், எது கொடுத்தாலும் பிரிப்பான். பத்து நிமிடம் பார்த்தான். கடையில் கதவு திறந்தே கிடக்கிறது, குளிர் எலும்பைத் துளைக்கிறது. அங்கே அது அணையவே இல்லை. "டீச்சர், பெட்டிக்கு ஒண்ணும் இல்ல. உள்ள வைரஸ். எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸை மறுபடி ஏத்திட்டா புது மாப்பிள்ளை மாதிரி நிக்கும்" என்றான். உள்ளே இருப்பதெல்லாம் என்னாகும் என்றேன். "போயிடும். அதுக்குத்தானே செய்யறோம்?" என்றான். நான் பெட்டியின் மேல் படுக்காத குறைதான். அவன் கையிலிருந்து ஒயரைப் பிடுங்கிக்கொண்டேன். "அட, டீச்சர், நான் என்ன உங்க புள்ளையையா தூக்கிட்டுப் போறேன்?" என்று அவன் சொன்னான், கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பள்ளி விடுமுறையில் இருக்கும் என் மாணவிகள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். இருக்கட்டும்.

இப்போது வேறு யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் நீ சரியாகப் பதில் சொல்ல முடியாது.

குளிர்காலத்தில் நாங்களும் எல்லாரையும் போல ஒரே அறையில்தான். விறகடுப்பு இருக்கும் அறை. கம்ப்யூட்டர் மேசைக்கு ஒட்டினாற்போல் லென்காவின் கட்டில். பெட்டியின் பின்பக்கக் காற்றாடி நேராக அவள் தலைமாட்டில் ஊதும். போன நவம்பரில் அவளுக்கு இரண்டு தடவை காது பழுத்தது. ஒருநாள் இரவு படம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவள் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். காற்று படுகிறது! வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் குறுக்குக் காற்று குறுக்குக் காற்றுதானே, காதிலிருந்து சிறுநீரகம் வரை எல்லா நோயும் அதனால்தான் என்று இந்த ஊரில் கேட்டு வளர்ந்தவள் நான். அவளுடைய பழைய பச்சைக் கம்பளிச் சட்டையைச் சுருட்டி அந்த ஓட்டையில் அடைத்தேன். பக்கத்தில் இருந்த சின்ன ஓட்டைகளின் மேல் அட்டை வைத்து நாடா ஒட்டினேன். அறையில் காற்று நின்றது. நிம்மதியாகத் தூங்கினேன்.

உனக்குச் சிரிப்பு வரும். ஹாஸ்டல் நாட்களில் நீஷிலிருந்து ஊருக்கு வரும் பஸ்ஸில் நீ ஜன்னலைத் திறந்து வைக்க, பின் சீட்டுக் கிழவர் எழுந்து வந்து "மகளே, உனக்குக் கல்யாணம் ஆகலன்னா நான் என்ன பண்றது, என் சிறுநீரகத்தை ஏன் பழிவாங்கற?" என்று கேட்டாரே. நீ அவருக்கு வெப்பம் மேலே போவதைப் பற்றி வகுப்பே எடுத்தாய். நான் எழுந்து ஜன்னலை மூடினேன். பட்டம் வாங்கியவள்தான். ஆனால் குழந்தையின் கழுத்து என்று வந்தால் எனக்குள்ளும் அந்தக் கிழவர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

போபனிடம் கொண்டுபோகுமுன் கம்பளியை உருவிவிட்டேன். நாடாவைப் பிய்த்து, பிசினை எண்ணெய் போட்டுத் துடைத்தேன். ஊர் சிரிக்கும் என்ற பயம். அதனால் அவனுக்கு வைரஸ் தெரிந்தது. நான் மறைக்காமல் போயிருந்தால் அவன் வேறு மாதிரி சொல்லியிருப்பான் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போனாலும் அவனை நம்பி அந்தப் பெட்டியை விட எனக்கு மனம் வராது.

நேற்று மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு, நானே பக்கவாட்டு மூடியின் இரண்டு திருகாணிகளையும் கழற்றிப் பார்த்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். பின்பக்கக் காற்றாடியின் அச்சில் பச்சை நூல் சுற்றிச் சுற்றி இறுகியிருக்கிறது. விரலால் தள்ளினால் அசையவில்லை. நடுவில் தகடுதகடாக ஓர் உலோகக் கட்டி, அதன் மேல் ஒரு சின்னக் காற்றாடி. இது விரலுக்கு அசைகிறது, ஆனால் கரகரக்கிறது. தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியவில்லை. அடுப்புச் சாம்பலும் தூசியும் சேர்ந்து கனத்த துணி மாதிரி படிந்திருக்கிறது. நான் எதையும் தொடவில்லை. அந்தத் தூசியைத் தூசி உறிஞ்சியால் எடுக்கலாமா? மின்சாரப் பொறி பறந்து எதையாவது கொன்றுவிடும் என்று நீ யாரிடமோ கத்தியது நினைவிருக்கிறது. பெயின்ட் அடிக்கும் பிரஷ் போதுமா? நூலை அறுத்து எடுக்கலாமா, இல்லை துண்டு உள்ளே விழுமா? அந்த உலோகக் கட்டியைக் கழற்ற வேண்டுமா, கழற்றினால் திரும்ப வைக்க ஏதோ பசை வேண்டும் என்பாயே, அது இந்த ஊரில் எங்கே கிடைக்கும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அந்த மூன்று நிமிடத்தில் நான் ஒரு வீடியோவையாவது சிடியில் எழுத முயன்றிருக்க வேண்டும். நாலு காலி சிடிகள் மேசையிலேயே இருந்தன. நான் ஒன்றைத் திறந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஜூன் மாதத்தது. லென்கா அடுப்புக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "ஏய் அடுப்பு, என் செருப்பை ஏன் தின்ன? உனக்கு வெறகு போடலையா நாங்க?" என்று திட்டுகிறாள். மிலேனா, நான் எதையும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் பேசினாள். "அம்மா, இதைச் சொல்லிவை, இது ரொம்ப ஆடுது" என்று என் பக்கம் திரும்பினாள். அப்போது திரை கறுத்தது. விடோயேவைக் கூப்பிடக்கூட நேரம் இல்லை.

அதற்குப் பிறகு நான் அதைப் போடவே இல்லை. ஒவ்வொரு தடவை போடும்போதும் அதைக் கொஞ்சம் கொல்கிறேனோ என்று பயம்.

எனக்கு இரண்டு வழி தோன்றுகிறது. எது சரி என்று தெரியவில்லை. ஒன்று, போபன் கடைக் குளிரில் அது அணையவில்லை அல்லவா? லென்காவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு ஜன்னலையும் கதவையும் திறந்து போட்டு, மூடி இல்லாமலே பெட்டியை நடுவில் வைத்து ஓட்டினால், ஒரு சிடி எழுதும் நேரமாவது தாங்குமா? வெளியே மைனஸ் ஒன்பது. இன்னொன்று, படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் வட்டை மட்டும் கழற்றிப் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் மாட்டுவது. விடுமுறை, சாவி என்னிடம் இருக்கிறது. ஆனால் தப்பான இடத்தில் தப்பான கம்பியைச் செருகி அந்த வட்டையே எரித்துவிட்டால்? முதல் வழியில் கம்ப்யூட்டர் போகும். இரண்டாவதில் எல்லாமே போகும். அல்லது நான் நினைப்பது தலைகீழா? நீ அந்தப் பெட்டியை ஒவ்வொரு பாகமாக உன் கையால் மாட்டிச் செய்தவள். கண்ணை மூடினால் உனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை மடத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "எவ்ப்ராக்சியா ஆட்டுப்பட்டியில இருக்கா. போன்ல பேசறது இல்லம்மா, எழுதிக் குடுங்க, எழுத்துன்னா படிப்பா" என்றார். அதனால் இந்தக் கடிதத்தைக் காலையில் மிலுட்டினின் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். ஊர்க்காரர்கள் பாலாடைக்கட்டியும் மருந்தும் கொடுத்தனுப்புகிற அதே மிலுட்டின்தான். மடத்து வாசலில் நிறுத்தி உன் கையிலேயே கொடுப்பதாகச் சொன்னார். "டீச்சர், அந்தச் சாமியாரம்மா பழைய சிநேகிதின்னா ஒரு வார்த்தை எனக்கும் சேர்த்து வேண்டிக்கச் சொல்லுங்க, பிரேக் சரியில்ல" என்றார்.

நீ வேண்டிக்கொள்வாய் என்று தெரியும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதைப் பிறகு செய். முதலில் எந்தத் திருகாணி, எந்தக் கம்பி என்று எழுது. படம் வரைந்து அனுப்பு. இதெல்லாம் நீ விட்டுவந்த உலகம் என்று உன் தலைமைத் தாய் நினைத்தால், ஒரு குழந்தை எப்படிப் பேசினாள் என்பது அதற்குள் இருக்கிறது என்று அவரிடம் சொல்.

உன் துறவுச் சடங்குக்கு நான் வராததற்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சல் இல்லை. உன்மேல் கோபம். என்னை விட்டுவிட்டுப் போகிறாய் என்று. அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன், பயமாக இருந்தது, நீ பக்கத்தில் இருப்பாய் என்று நினைத்திருந்தேன். உதவி வேண்டிய நேரத்தில் இதைச் சொல்கிறேனே என்று நீ நினைத்தால் அதுவும் நியாயம்தான். போபனிடம் மறைத்தேன், டாக்டரம்மாவிடம் பொய் சொன்னேன். உன்னிடமும் அப்படியே இருந்துகொண்டு பதில் கேட்க முடியவில்லை.

மூன்று மணிக்கு விடோயே வண்டிக்குப் போய்விடுவார். எந்த வழி என்று நீ சொல்கிறாயோ அதை நான் தனியாகத்தான் செய்வேன். நீ படித்த பழைய பாடமெல்லாம் மறந்துவிட்டது, ஒன்றும் நினைவில்லை என்றாலும் மழுப்பாமல் எழுது. வியாழக்கிழமை வெறுங்கையோடு போய் டிசம்பர் இல்லை, எனக்குத் தெரியாது என்று டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று காலையிலிருந்து லென்கா சொன்ன வார்த்தைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். ஆறு. "அம்மா" அதில் இருக்கிறது, மிலேனா. இன்றைக்கு இருக்கிறது.

மிலுட்டின் செவ்வாய்க்கிழமை மதியம் திரும்பும்போது உங்கள் வாசலில் நிற்பார். புதன்கிழமை நாங்கள் பெல்கிரேடு பஸ் ஏற வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.

உன்,
டுப்ராவ்கா