இழைப்புளியின் பாதி

அன்புத் தம்பிக்கு,

எழுதக் கற்றுக்கொண்டு நானே எழுதும் முதல் கடிதம் இது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் சுகமாக இருக்கிறது.

பாகம் பிரித்த அன்று, வீம்புக்கு அப்பா மரம் இழைத்த இழைப்புளியையும் பிரித்தோமே, கட்டை உனக்கு, தகடு எனக்கு என்று. அந்தத் தகட்டை வினிகரில் ஊறவைத்துத் துருவை எடுத்துவிட்டேன். சாணை பிடித்ததில் கைமுடியை மழிக்கிறது.

"உங்க தம்பி கட்டையை எப்பவோ அடுப்புல வச்சிருப்பாரு. நீங்க தேய்ச்சுக்கிட்டே இருங்க" என்கிறாள் உன் அண்ணி. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மழையில் உன் வாசற்கதவு ஊதிப்போய் இறுகிக்கொள்கிறதாமே. கட்டை இருந்தால் சன்னல் வழியாக நீட்டு. தகட்டை மாட்டி, கதவை இழைத்துவிடுகிறேன்.

பிறகு திறப்பது உன் பாடு.

உன் அண்ணன்