சக்கரத்தில் ஒரு பெருக்கல் குறி

ஏப்ரல் 9

ரயில் பட்டறையின் ஆண்டுவிழா மலருக்கு வரலாறு எழுத ஒப்புக்கொண்டு ஒரு மாதம். மலர்க்குழுச் செயலாளர் ஜெகதீஸ்வரன் இன்று போன் செய்தார். வரலாறு பாசிட்டிவாக இருக்க வேண்டுமாம். இதுவரை வாழ்த்துச் செய்திகள் தயார், தலைமை அதிகாரியின் படம் மூன்று கோணங்களில் தயார். வரலாறுதான் பாக்கி.

ஏப்ரல் 13

நான் ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பது இறால் தின்பதற்காக என்று குழுவில் பேச்சு. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டறையின் முதல் சுவர்களுக்கு இந்த ஏரியின் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்புதான் போனது. கால்வாய் வழியாகப் படகில். சுண்ணாம்பை இறக்கிவிட்டு வெறும் படகாகத் திரும்பினால் காற்றில் கவிழும். அதனால் அடியில் பட்டறையின் பழைய இரும்பைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். சீமை எஞ்சின்களைப் பழுது பார்க்கப் போட்ட கொட்டகைதான் பட்டறை. பிறகு ரயில் பெட்டி கட்டியது, சக்கரம் வார்க்கவும் துணிந்தது.

இதில் எங்கே பாசிட்டிவ்?

ஏப்ரல் 20

வீட்டுக்கார அம்மா கஸ்தூரியம்மாளின் மகன் தேவேந்திரன் படகில் கூட்டிப் போனான். ஏரி நடுவே சேற்றில் ஒரு ரயில் சக்கரம் நட்டுக்கொண்டு நிற்கிறது, பாதி தண்ணீருக்கு மேலே. விளிம்பில் பட்டறையின் பெயர், வார்ப்பிலேயே. இந்தக் குப்பத்துக்கும் அடுத்த குப்பத்துக்கும் அதுதான் எல்லை.

ஏரியை வலை போடும் இடங்களாக, பாடு பாடாகப் பிரித்து, யாருக்கு எது என்று சீட்டுப் போட்டுக் கொடுக்கிறார்கள். போன இரண்டு முறையும் தேவேந்திரனுக்கு விழுந்த பாட்டில் சேறு மட்டும் நன்றாக விளைந்தது. இந்த முறை சக்கரத்தை ஒட்டிய பாடு. இறால் ஓடும் இடம்.

சக்கரத்தின் முகத்தில் பெரிய பெருக்கல் குறி, மஞ்சள் அப்பியிருந்தது.

"எங்க நைனாவோட நைனா வெட்டுன குறி சார். இது இருக்கிற வரிக்கும் அவுங்க வலை இந்தாண்ட வராது. வெறும் சக்கரம்னா எவன் மதிப்பான்?"

படம் எடுத்து ஜெகதீஸ்வரனுக்கு அனுப்பினேன். நிருபன் புத்தி.

ஏப்ரல் 21

பதில் வந்தது. மூன்று கைகூப்பு, ஒரு பூங்கொத்து. பட்டறை அருங்காட்சியகத்தில் வைக்க சக்கரத்தைத் தூக்கப் போகிறார்களாம். கிரேன் வருகிறது.

ஏப்ரல் 24

இன்று டீ வரவில்லை. கஸ்தூரியம்மாளிடம் போய்க் கேட்டேன்.

"உனுக்கு டீ ஒரு கேடா? எம் மவனுக்கு இப்பத்தான் நல்ல சீட்டு வுழுந்துச்சு. எல்லையைக் காட்டிக் குடுத்துட்டு வந்து நிக்கிறியே, படிச்ச மனுசன்."

தேவேந்திரன் வலையைப் பிரித்துக்கொண்டே இருந்தான். அவனும் திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 27

பட்டறைக்குப் போனேன், கெஞ்சிப் பார்க்க. ஜெகதீஸ்வரன் மீட்டிங்கில் இருந்தார், எப்போதும் இருப்பார். சுற்றிவரும்போது வார்ப்புக்கூடத்தின் பின்னால் ஒரு குவியல். தேறாத வார்ப்புகள். ஒவ்வொன்றிலும் உளியால் வெட்டிய பெருக்கல் குறி. அதே அளவு, அதே சாய்வு. இது என்ன என்று அங்கிருந்தவரைக் கேட்டேன். "ஃபெயிலு சார். அந்தக் காலத்துலேர்ந்து இதான் பழக்கம்."

ஆக, நைனாவின் நைனா வெட்டவில்லை. தண்டவாளத்தையே பார்க்காத சக்கரம். பிறந்த அன்றே தள்ளுபடி, சுண்ணாம்புப் படகில் பாரத்துக்கு ஏறி ஏரிக்கு வந்திருக்கிறது.

இதை எழுதினால் கிரேன் வராது. ஆனால் அடுத்த குப்பத்துக்காரர்களுக்கும் தமிழ் படிக்கத் தெரியுமே. மலர் வேறு இலவசம். குறியின் மதிப்பே போனால் தேவேந்திரனின் பாட்டுக்கு என்ன காவல் இருக்கிறது — நான் எடுத்த படமா?

மே 2

குறியின் சங்கதியை வாயால் மட்டும் சொன்னேன், ஜெகதீஸ்வரனின் அறையில். கதவைச் சாத்தச் சொன்னார்.

"வேற யாருக்கு சார் தெரியும்?"

யாருக்கும் தெரியாது என்றேன். நம் பட்டறையின் தள்ளுபடிச் சரக்கைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, திறப்பு விழாவும் நடத்தினால் பேரென்ன ஆவது என்று வியர்த்தார். சக்கரத்தைப் பற்றி மலரில் ஒரு வரியும் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். நான் சற்றுத் தயங்கிக் காட்டிவிட்டு ஒப்புக்கொண்டேன்.

மாலையில் உத்தரவு: பூநாரைகளுக்கு இடைஞ்சல் ஏற்படும் என்பதால் கிரேன் திட்டம் கைவிடப்படுகிறது. பூநாரைகள் நன்றி சொல்லக் கடமைப்பட்டவை.

மே 3

டீ வந்தது. பேச்சு வரவில்லை.

ஜூன் 11

மலர் வெளியானது. வரலாறு இரண்டு பக்கம். எடிட்டர்கள் செய்தியை அமுக்குகிறார்கள் என்று ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவன் நான். முதல்முறையாக நானே ஒன்றை அமுக்கினேன். மேடையில் சால்வை போட்டார்கள். இதுவரை எழுதியதற்கெல்லாம் வக்கீல் நோட்டீஸ்தான் வந்தது.

ஜூன் 14

தேவேந்திரன் இன்று புதுப் பாட்டில் தன் முதல் வலையை இறக்கினான். கஸ்தூரியம்மாள் குழைத்த மஞ்சளை என் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். "அவரே பூசட்டும்" என்று உத்தரவு. பூசினேன். எல்லைக்கு அந்தப் பக்கம் அடுத்த குப்பத்தின் இரண்டு படகுகள் கம்பை ஊன்றிக்கொண்டு பார்த்திருந்தன.

"குறி தெளிவா தெரியுதா சார்?"

"தெரியுதுப்பா."

அவர்களுக்கும் தெரிந்தது. படகுகளைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.