ரெண்டு தாய்மாமன், ஒரே கட்டம்

குமுதா அப்பாவுக்கு,

மூணு நாளா நீங்க தேடிக்கினு இருந்த கட்டம் போட்ட சட்டை தொலைஞ்சு போவலை. நான்தான் வெட்டினேன். உங்க தங்கச்சி வசந்தி குழந்தைக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைச்சு முடிச்சாச்சு. அதை எடுத்துக்கினு ஆலங்காயம் போறேன். குமுதாவும் என்கூட வர்றா.

சாமைச் சோறு பானையில இருக்குது. கொள்ளுக் கடைசல் உறியில. பூனையை உள்ள விடாதீங்க.

கோவப்படாம கேளுங்க. தொட்டில்ல போடற குழந்தைக்கு அடியில தாய்மாமன் உடுத்தின துணி இருக்கணும். தாய்மாமன் நீங்க ஒருத்தர்தானா? அந்தப் பலா மரத்துக்காக ரெண்டு வருசமா நீங்க பேசாம இருக்கிற உங்க அண்ணன் இன்னா, அசலூரா? வசந்தி கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் ஒரே துணியில சட்டை தைச்சுக்கினீங்களே! அவரோடதை அக்கா, உங்க அண்ணிதான், வெட்டிக் குடுத்தாங்க. நடுவுல ரெண்டையும் சேர்த்துத் தைச்சதுல எது யாருதுன்னு இப்ப எனக்கே தெரியலை. அவ்ளோ அழகா இருக்குது.

நாளைக்கு மத்தியானம் தொட்டில். மாமன் கையாலதான் போடணும். விடியறப்பவே மலை இறங்கிடுங்க. வெள்ளைச் சட்டையைத் துவைச்சுக் கொடியில போட்டிருக்கேன்.

திரௌபதி

மறந்துட்டேன். அக்காவும் என்கூடத்தான் வர்றாங்க. அவங்க வூட்டுல இன்னிக்கு அடுப்பு மூட்டலை. "உங்க சட்டை எங்கேன்னு தம்பியைப் போய்க் கேளுங்க"ன்னு உங்க அண்ணனுக்கு அவங்களும் ஒரு சீட்டு எழுதி வெச்சுட்டாங்க.

சோறு ரெண்டு ஆளுக்கு வடிச்சிருக்கேன். தனியா துன்னுடாதீங்க.