கயிற்றுக்கு அப்பால் நின்றவர்

இஞ்சாருங்கோ,

உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் வாய் வரவில்லை. சனிக்கிழமை நடந்ததை உங்களுக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அண்ணையை மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன். ஆம், என் கூடப்பிறந்த அண்ணையைத்தான். கொஞ்சமும் கவலையில்லை.

போன ஆடியில் நாலு பேருமாக மேற்கே அந்த மலைப் பூங்காவுக்குப் போனோமே. முழங்கால் வலியென்று நான் வாகனத்தில் இருந்துவிட்டேன், துணைக்கு அண்ணியும். நீங்களும் அண்ணையும் பனியாற்றைப் பார்க்க ஏறினீர்கள். பின்னேரம் மீட்புக்காரர்தான் உங்களைப் பனிப்பிளவுக்குள்ளிருந்து தூக்கி வந்தார்கள். காயம் பெரிதில்லை, குளிர்தான் உயிரை எடுத்தது என்றார்கள்.

அங்கே குறுக்கே கயிறு கட்டியிருந்தது. பிளவுக்குள் ஆள் விழுகிற படத்தோடு பலகையும் இருந்தது. அண்ணை அழுதழுது எல்லோருக்கும் ஒரே கதையைச் சொன்னார். "தாண்டாதையும் மச்சான் எண்டு கத்தினனான். மனுசன் கேக்கேல்லை." இங்கே எங்கள் மொன்ட்ரியால்-நோர்ப் பகுதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருத்தி என்னிடமே கேட்டாள்: "அவருக்கு ஏன் அந்த வீண் ஆசை?"

நானும் நம்பினேன். ஏழு மாதம் உங்களைத் திட்டினேன். உங்கள் படத்துக்கு விளக்கேற்றும்போதும் திட்டினேன். கேட்டதா உங்களுக்கு?

மாசியில்தான் பூங்காக்காரர் மீட்டுத் தந்த உங்கள் பையைத் திறக்க மனம் வந்தது. உங்கள் போனைச் சார்ஜில் போட்டேன். கடைசியாக ஒரு வீடியோ இருந்தது. கயிறு உங்களுக்கு முன்னால் தெரிகிறது. அதற்கு அப்பால், பனிக்கு மேல், அண்ணை நின்று கையசைக்கிறார்.

"வாரும் மச்சான்! பலகை சும்மா வெருட்ட வைச்சது. போனமுறையும் இதிலை நிண்டனான்."

"வேண்டாம், நீங்கள் திரும்பி வாங்கோ. உதுக்குக் கீழை வெறும் பள்ளமா இருக்கும்."

"சீ, இதுக்குப் போய்ப் பயப்பிடுறீரே!"

அவ்வளவுதான். பிறகு போனைப் பைக்குள் வைத்துவிட்டுத் தாண்டியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகவா?

யாரிடமும் மூச்சு விடவில்லை. மலைப் பூங்காவுக்குப் பாதுகாப்பாகப் போய்வருவது எப்படி என்று நம் சனத்துக்குச் சனிக்கிழமை மண்டபத்தில் அண்ணை பேசப் போகிறார் எனக் கேள்விப்பட்டேன். நானும் வருகிறேன் என்று போன் எடுத்தேன்.

"வா பிள்ளை. உன்னைப் பாத்தாத்தான் சனத்துக்கு விளங்கும்" என்றார்.

நன்றாகத்தான் பேசினார். புறப்படுமுன் வானிலை பாருங்கள், குளிர் உடுப்பு கொண்டுபோங்கள், கரடிக்குக் கிட்டப் போகாதீர்கள், திரும்பும் நேரத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்றெல்லாம். பிறகு என்னைப் பார்த்துக் குரலை இறக்கினார். "எங்கடை மச்சான் சொல்லுக் கேட்டிருந்தா, இண்டைக்கு இஞ்சை இருந்திருப்பார்."

நான் எழும்பினேன். திரை போடுகிற பிள்ளையிடம் வீடியோவை முன்பே கொடுத்திருந்தேன். "இப்ப போடு பிள்ளை" என்றேன். ஒருமுறை ஓடி முடிந்தது. திரும்பவும் போடச் சொன்னேன்.

"அண்ணை, இது ஆருடைய குரல்?"

"தங்கச்சி, வீட்டை போய்க் கதைப்பம்."

"இல்லை. இஞ்சை கதையுங்கோ."

"நான்தான் கூப்பிட்டனான்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"மைக்கிலை சொல்லுங்கோ."

சொன்னார். அண்ணி எழும்பி, அவரைத் திரும்பியும் பார்க்காமல் வேறு யாருடைய காரிலோ ஏறிப் போய்விட்டா.

ஞாயிறு காலை மழையில் வந்து எங்கள் வெளிப்படியில் நின்று கதவைத் தட்டினார். அழுதார். நான் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று, அவர் முழுக்க நனையும்வரை பார்த்தேன். திறக்கவில்லை. பாவம் என்று ஒரு நினைப்பு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நான் இப்படி மாறிவிட்டேனே என்று கோபிப்பீர்களா?

அடுத்த கோடையில் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பேசுவேன். கயிற்றைத் தாண்டாதீர்கள் என்பேன். தாண்டச் சொன்னவர் யார் என்பதையும் சொல்வேன். ஒவ்வொரு கோடையும், அவர் இந்த ஊரில் இருக்கும்வரை சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

திட்டியதெல்லாம் மன்னித்துக்கொள்ளுங்கோ.

என்றும் உங்கள் மனைவி,
இனி எவருக்கும் தங்கச்சி இல்லாதவள்.