பதில் சலாம்

உன் சிலம்பக் கொம்பு என் அறை மூலையில் சாய்ந்து நிற்கிறது. நேற்று உன் காரியம் முடிந்து வெள்ளிமலையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடத்தில் இன்னும் வேப்பெண்ணெய் வாடை அடிக்கிறது. நீ போய்ப் பதினாறு நாள் ஆகியும் எனக்கு அழுகை வரவில்லை. சோறு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

கோமுகி ஆற்று மணலில் எட்டு வருஷம் சிலம்பம் ஆடினோம். உன் தெரு வேறு, என் தெரு வேறு. மணலில் அது ஞாபகம் வந்ததே இல்லை. ஆட்டத்துக்கு முன் குனிந்து மண்ணைத் தொட்டு, கொம்பைத் தாழ்த்திச் சலாம் வைப்போம். எதிராளி வைத்தால் நாமும் தாழ்த்தியே ஆகவேண்டும். அதில் நீ கறார். ஒருமுறை பாதிச் சலாமில் குளவி கொட்டியும் நீ நிமிரவில்லை. "கொட்னா கொட்டிட்டுப் போவுது, வுடுடா" என்றாய்.

பிறகு இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. எங்கள் ஆட்கள் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். மூன்றாம் நாள் அந்த ஆவேசம் உங்கள் தெருப் பக்கம் திரும்பியது. கும்பலில் நானும் இருந்தேன். யாரும் என்னை இழுத்துப் போகவில்லை, நானாகத்தான் போனேன். தெருமுனையில் நீ ஒற்றை ஆளாகக் கொம்போடு நின்றாய். ஒருவனுக்கும் நெருங்கத் துணிவில்லை.

நான் என் கொம்போடு முன்னால் வந்தேன். உன்னைப் பார்த்ததும் குனிந்து, மண்ணைத் தொட்டு, கொம்பைத் தாழ்த்தினேன். நீயும் தாழ்த்தினாய். அந்த நேரம் பார்த்து என் சித்தப்பா மகன் பக்கவாட்டிலிருந்து கோடாலிக் காம்பால் உன் மணிக்கட்டில் அடித்தான்.

அதன்பிறகு உன் வலது கையில் கொம்பு சுழலவில்லை. நீ மலையேறினாய். சாமை விதைத்தாய், விடியலில் மூச்சைக் கவனித்து உட்கார்ந்தாய். நான் மடம் மடமாக அலைந்தேன். கடவுளைத் தேடுகிறான் என்று ஊர் நினைத்தது. அந்தச் சலாம் பழக்கத்தில் வைத்ததா, உன்னைக் குனியவைக்க வைத்ததா என்றுதான் நான் தேடினேன். இருபது வருஷம் கழித்து உன்னிடமே வந்து வாயைத் திறந்தேன். "இன்னாடா, அதையே நோண்டிக்கினு? நீ வெச்ச, நான் திருப்பி வெச்சேன். குந்து, கூழ் குடி" என்று முடித்துவிட்டாய். வருஷா வருஷம் வந்து உன் பக்கத்தில் கண்மூடி உட்கார்ந்தேன். உனக்கு அமைதி வந்தது. எனக்குக் கால்தான் மரத்துப்போனது.

நேற்று உன் மகள் கொம்பை எடுத்து வந்தாள். "அப்பா உங்களாண்ட குடுக்கச் சொன்னாருங்க மாமா. வாங்கறதுக்கு முன்ன அவன் சலாம் வெப்பான், பயப்படாம நீயும் திருப்பி வெச்சுடுன்னாரு."

வாசல் மண்ணைத் தொட்டுச் சலாம் வைத்தேன். அவளும் தயங்காமல் கொம்பைத் தாழ்த்திக் குனிந்தாள். காரியத்துக்கு வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள், எங்களைத் தவிர அங்கே யாருமில்லை. தெரிந்தும், அவளை அடிக்க யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். அன்றைக்கு உனக்காக நான் இப்படிப் பார்க்கவில்லையடா.